வராதவனுக்கு ஒரு சாட்சி

கலை விமர்சனம் யாருக்காக எழுதப்படுகிறது என்ற கேள்வியை நம் பத்திரிகைகள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால், கச்சேரியைப் பற்றியும் நாட்டியத்தைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் இத்தனை வருஷங்களாக அவை அச்சிட்டு வந்திருப்பது வேறு விதமாக இருந்திருக்கும். 'பக்கவாத்தியம் அனுசரணையாக இருந்தது.' 'தனி ஆவர்த்தனம் களை கட்டியது.' 'நிருத்தம் கனகச்சிதம்.' 'பாத்திரமாகவே வாழ்ந்திருக்கிறார்.' 'ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி.' இந்த வாக்கியங்கள் யாருக்கு? வந்திருந்தவனுக்கு இவை சொல்லித் தெரியவேண்டியதில்லை. வராதவனுக்கு இவற்றால் ஒன்றும் தெரியப்போவதில்லை. பாடியவருக்கும் ஆடியவருக்கும் சபா காரியதரிசிக்கும் மட்டும் ஓர் உபயோகம் உண்டு: கத்தரித்து ஒட்டி வைத்துக்கொள்ளலாம், அடுத்த வருஷத்துக்குக் காட்டலாம்.

ஒரு சின்ன சோதனை. கையில் கிடைக்கும் கச்சேரி விமர்சனம் ஒன்றில் வித்வானின் பெயரை எடுத்துவிட்டு, இன்னொரு வித்வானின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். வேறு ஒரு வார்த்தையும் மாற்றாமல் அது பொருந்திவிட்டால், எழுதியவர் கச்சேரிக்குப் போயிருக்கவேண்டியதே இல்லை. போயிருப்பார், அதைச் சந்தேகிக்கவில்லை. போனதற்கான அடையாளம் எழுத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

விமர்சகனின் வேலை தீர்ப்புச் சொல்வது என்று நாம் பழகிப் போயிருக்கிறோம். என் கட்சி வேறு. அவன் முதலில் சாட்சி. ஒரு மாலையில் ஒரு மண்டபத்தில் நடந்ததை, அங்கே இல்லாத ஒருவன் தன் மனசுக்குள் நடத்திப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லவேண்டியவன். தீர்ப்பு பின்னால் வரலாம். சாட்சியம் சரியாக இருந்தால் பல சமயம் தீர்ப்புக்கு அவசியமே இல்லாமல் போகும்.

தாம்பரத்தில் வசிக்கிறவனுக்கு இது அழகியல் கொள்கை என்பதைவிட ரயில் அட்டவணை சமாசாரம். 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தை ஒட்டித்தான் பல்லாவரமும் குரோம்பேட்டையும் அதற்குத் தெற்கேயுள்ள குடியிருப்புகளும் பெருத்தன. வீடு தெற்கே, ஆபீஸ் வடக்கே என்றாயிற்று. சங்கீதமும் நாட்டியமும் ஃபிலிம் சொஸைட்டியும் மட்டும் மயிலாப்பூரையும் ராயப்பேட்டையையும் தியாகராய நகரையும் விட்டு அதிகம் நகரவில்லை. நங்கநல்லூரிலும் குரோம்பேட்டையிலும் சபாக்கள் உண்டு. விமர்சகர்கள் அவ்வளவு தூரம் வருவது அபூர்வம். தனி ஆவர்த்தனம் தொடங்கும்போது எழுந்து போகிறவர்கள் எல்லோரும் லய ஞானம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக்கூடாது. பெருங்களத்தூர் போய்ச் சேரவேண்டியவர்களும் அவர்களில் உண்டு. சேலையூர், மேடவாக்கம் என்று ரயிலை விட்டு உள்ளே தள்ளியிருப்பவன் இறங்கி மறுபடி ஒரு பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அவன் அந்த வாரப் பேப்பரைப் பிரித்து விமர்சனத்தைத் தேடுகிறான் என்றால், தான் விட்டுவிட்டு வந்தது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான். அவனிடம் போய் 'பல்லவி விறுவிறுப்பு' என்றால் என்ன அர்த்தம்?

தூரத்தால் வராதவன் இவன். காலத்தால் வராதவன் இன்னொருவன், பிறக்கவே இல்லாதவன். தமிழின் முதல் பேசும்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' (1931) ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அந்தக் காலத்தில் வந்த மிகப் பல படங்களின் கதி அதுதான். பாட்டுப் புத்தகமும் விளம்பரமும் பத்திரிகைக் குறிப்பும்தான் பாக்கி. பாலசரஸ்வதி (1918–1984) விஷயத்தில் சத்யஜித் ராய் 1976-ல் எடுத்த 'பாலா' ஆவணப் படம் இருக்கிறது. அப்போது அவருக்கு 58 வயது. அதற்கு முன்னால் பல பத்து வருஷங்கள் அவர் ஆடியதற்கு நம்மிடம் இருப்பது முக்கியமாகப் பார்த்தவர்களின் வார்த்தை. அந்த வார்த்தைகளில் பெரும்பகுதி 'அபிநயத்தில் நிகரில்லை' என்ற ரகம். நிகரில்லைதான். ஆனால் ஒரு பதத்தின் ஒரே அடியை அவர் எத்தனை விதமாக விரித்தார், கை நின்ற பிறகு கண் எவ்வளவு நேரம் தொடர்ந்தது, எந்த இடத்தில் ஒன்றுமே செய்யாமல் நின்றார் என்று எழுதி வைத்தவர்கள் சொற்பம். நிகரில்லை என்ற முடிவு நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆட்டம் வந்து சேரவில்லை.

இந்தக் கடமை தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்ததே இல்லை என்று சொல்லமாட்டேன். 1930-களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிய கல்கிக்கு (1899–1954) அது தெரிந்திருந்தது. தன் வாசகன் சென்னை சபாவுக்குள் காலெடுத்து வைத்திராதவன் என்ற ஞாபகம் அவருடைய தமிழில் இருக்கிறது. ராக லட்சணம் தெரியாதவனும் பின்தொடரும்படியாக எழுதினார். சங்கீதம், நாட்டியம், நாடகம், சினிமா எல்லாவற்றுக்கும் ஒரே பேனாவோடு போனார். ஆனால் அவரே சீக்கிரம் ஒரு கட்சிக்காரராகிவிட்டார். 'தியாக பூமி' 1939-ல் விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே படமாகவும் வந்தது. 1940-களில் தமிழிசைக் கிளர்ச்சி. கல்கி பத்திரிகையில் அவருடைய கூட்டாளியான சதாசிவம் தயாரித்த 'மீரா'வுக்கு (1945) பாட்டுகள். எதுவும் குற்றமில்லை, ஆனால் வாதிப் பக்கம் உட்கார்ந்தவர் சாட்சிக் கூண்டில் ஏற முடியாது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கல்கியின் ஹாஸ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஹாஸ்யம் யாரை மனசில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது என்பதை மறந்துவிட்டார்கள்.

ஹாஸ்யத்தின் உச்சம் சுப்புடு. பி.வி. சுப்ரமணியம் (1917–2007) பர்மாவில் வளர்ந்தவர். யுத்த காலத்தில் அங்கிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தவர்களில் ஒருவர். டெல்லியில் மத்திய அரசு உத்தியோகம், ஆபீஸ் விட்டபின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்குச் சங்கீத, நாட்டிய விமர்சனம், டிசம்பர் வந்தால் சென்னை சீஸன். ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதினார். ஹார்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர். கேள்வி ஞானம் இல்லாமல் வாய் பேசியவர் அல்ல. அவருடைய தைரியத்தைக் குறைத்துப் பேச எனக்கு உத்தேசமில்லை. பெரிய பெயர்களின் சுருதி விலகினால் விலகிற்று என்று அச்சில் சொல்ல நம் ஊரில் அதிகம் பேர் இருந்ததில்லை.

ஆனால் இன்று சுப்புடுவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? "இன்னாரைப் பற்றி ஒரு தடவை எழுதினாரே" என்று தொடங்கி ஒரு வரியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அது எந்த வருஷத்துக் கச்சேரி, என்ன ராகம், எந்த இடத்தில் தவறிற்று, மற்ற இரண்டு மணி நேரம் எப்படி இருந்தது? யாருக்கும் தெரியாது. அந்த வரியை அவர் எழுதினார் என்பதற்கே பல சமயம் ஆதாரமில்லை. பாடகரும் போய், பாட்டும் போய், கேலி மட்டும் வாய்மொழி இலக்கியமாகிவிட்டது. விமர்சகரே ஒரு கச்சேரி ஆகிவிட்டால் நேரும் விபத்து இது. ஜனங்கள் அவர் எழுதியதைக் கேட்க வந்தார்கள். அவர் கேட்டதைக் கேட்க வரவில்லை.

கேலி கூடாது என்கிறேனா? பெர்னார்ட் ஷா 1888-லிருந்து 1894 வரை லண்டன் பத்திரிகைகளில் சங்கீத விமர்சனமும், 1895-லிருந்து 1898 வரை நாடக விமர்சனமும் எழுதினார். குரூரத்தில் யாருக்கும் குறைந்தவரில்லை. அவர் கிழித்துப் போட்ட பாடகர்களில் முக்கால்வாசிப் பேரை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. இருந்தும் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, அந்த லண்டனில் ஒரு ஓபரா எப்படி நடந்தது, ஜனங்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்கள், பாடகர் எந்த இடத்தில் சிரமத்தைத் தவிர்த்துத் தப்பித்துக்கொண்டார் என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே சிரிப்பு விளக்குப் பிடிக்கிறது. நம்மிடம் அது பட்டாசு. சத்தம் கேட்டது, பிறகு முன்னைவிட இருட்டு.

சாட்சியம் என்று நான் சொல்வது நீளமான வர்ணனை அல்ல. 'தோடி பிரமாதம்' என்பது தீர்ப்பு. 'ஆலாபனையில் வெகு நேரம் பஞ்சமத்தை விட்டுவிட்டே பாடினார். மத்யமத்திலிருந்து தைவதத்துக்குத் தாவித் தாவி, நடுவில் இருக்கும் அந்த ஒரு படியை எல்லோரும் எதிர்பார்க்கும்படி செய்துவிட்டு, கடைசியில் அதில் வந்து நின்றபோது வயலின்காரர் வில்லை எடுத்துவிட்டார்' என்பது சாட்சியம். இரண்டாவதில் பிரமாதம் என்ற வார்த்தை இல்லை. தோடி தெரியாதவனுக்கும் ஏதோ ஒன்று நடந்தது புரிகிறது; தெரிந்தவனுக்கு இவர் பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட முடியாது என்பதும் புரிகிறது. எதைச் சொல்வது, எதை விடுவது என்ற தேர்விலேயே ரசனை இருக்கிறது. தனியாக அதற்கு ஒரு பத்தி வேண்டாம்.

சுப்புடு இருந்த அதே டெல்லியில், அதே காலத்தில், இன்னொரு மத்திய அரசு ஊழியர் இருந்தார். வெங்கட் சாமிநாதன் (1933–2015). ஒரிஸ்ஸாவில் ஹிராகுட் அணைக்கட்டு அலுவலகத்தில் தொடங்கி டெல்லிக்கு வந்தவர். செல்லப்பாவின் 'எழுத்து' மூலம் வந்தவர். ஓய்வு பெற்றபின் நம் மடிப்பாக்கத்தில் வசித்தவர். இலக்கியத்தோடு நிற்காமல் ஓவியம், நாடகம், தெருக்கூத்து, சினிமா, நாட்டியம் என்று எல்லாவற்றையும் ஒரே மனிதனாகப் போய்ப் பார்த்து எழுதினார். ஒரு கலையில் வறட்சி இருக்கும் சமூகத்தில் மற்றவற்றிலும் அது இருக்கும் என்பது அவருடைய தீர்மானமான நம்பிக்கை. சில நூறு பிரதிகள் அச்சாகும் பத்திரிகைகளில், சன்மானம் என்ற பேச்சே இல்லாமல் எழுதினார். இவருடைய வாசகன் முழுக்க முழுக்க வராதவன். டெல்லியில் அவர் பார்த்த படத்தையோ ஓவியத்தையோ நாகர்கோவிலில் இருந்து படித்தவன் பார்க்கப்போவதே இல்லை. அவர் திரைக்கதை எழுதி ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தேசிய விருது பெற்றது. 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து எதிர்ப்பால் நின்றுபோயிற்று. தமிழ்நாட்டில் அதைப் பார்த்தவர்களைவிட அதைப் பற்றிப் படித்தவர்கள்தான் வெகு காலம் அதிகமாக இருந்திருப்பார்கள்.

வெ.சா.விடமும் ஒரு சிக்கல் உண்டு. கோபம் வந்துவிட்டால் சாட்சி இறங்கி வக்கீல் ஏறிவிடுவார். வங்காளத்தில் இவர், கன்னடத்தில் அவர், நம்மிடம் யார் என்று பெயர்கள் அடுக்கப்படும். அடுக்கின் நியாயம் நமக்கு உறைக்கும், அடுக்கப்பட்டவர்கள் செய்தது என்ன என்று தெரியாது. அவர் ஒரு கூத்தின் முன் உட்கார்ந்து, கண்டதை எழுதிய பக்கங்கள் நிற்கின்றன. வறட்சி என்று முடிவு கட்டிய பக்கங்களில் முடிவு மட்டும் நிற்கிறது.

இந்த இரண்டு டெல்லிக்காரர்களுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை, கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்களோ என்னவோ. மாதச் சம்பளம். தமிழ் சினிமாவின் ஆரம்ப காலத்தை 'தி மெசேஜ் பேரர்ஸ்' (1981) புத்தகத்தில் ஆராய்ந்த தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறை அதிகாரி. பரதநாட்டியத்துக்காக வாதாடி, சங்கீதக்காரர்களைப் பற்றியும் எழுதிய ஈ. கிருஷ்ணய்யர் (1897–1968) வக்கீல். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் (1964), முழுக்க இலக்கியம், கலை, விஞ்ஞானம் சார்ந்த எழுத்துக்கு முன் அனுமதி வேண்டாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கின்றன. தமிழ் விமர்சனம் அந்த விலக்குக்கு ஒரு கும்பிடு போடலாம். நானும் பாங்க் குமாஸ்தாதான். இந்தப் பக்கங்களில் நான் யாரைப் பற்றி என்ன எழுதினாலும் மாதக் கடைசியில் சம்பளம் கணக்கில் ஏறிவிடும். இதில் என் வீரம் ஒன்றுமில்லை.

எழுத்தையே நம்பி, நகரத்தின் சங்கீதத்தையும் நாட்டியத்தையும் சினிமாவையும் சுற்றி வருகிற ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளன் நிலைமை வேறு. ஒரு கட்டுரைக்கு இவ்வளவு என்று சன்மானம். டிக்கெட் வாங்கிப் போனால் அது கரைந்துவிடும், ஆகவே சபா கொடுக்கும் பாஸ். யாரைப் பற்றி இந்த வாரம் விமர்சனம் எழுதுகிறானோ அவருடைய பாராட்டு விழா மலருக்கு அடுத்த மாதம் கட்டுரை. அவருடைய சிஷ்யையின் அரங்கேற்றத்துக்கு நிகழ்ச்சிக் குறிப்பு. முடிந்தால் தொகுத்து வழங்கும் வேலை. யாரும் அவனை மிரட்டுவதில்லை, விலைக்கும் வாங்குவதில்லை. வாக்கியம் தானாகவே ஜாக்கிரதையாகிவிடுகிறது. 'அனுசரணையாக இருந்தது' என்ற சொற்றொடரின் பிறப்பிடம் ரசனைக் குறைவு இல்லை, வயிறு. இதை மறந்துவிட்டு அவனைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் ப்ராவிடண்ட் ஃபண்டு உள்ளவர்கள்.

சினிமாவில் இந்தப் பாதை வெளிப்படையாகவே போடப்பட்டது. ஃபோட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் 1958-ல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு மக்கள் தொடர்பாளர் ஆனார். தமிழ் சினிமாவில் அந்தத் தொழிலே அவரோடு தொடங்கிற்று என்பார்கள். பத்திரிகைக்காரன் விளம்பரக்காரன் ஆன கதை என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் எந்தப் படம், எந்த வருஷம், யார் யார் வேலை செய்தார்கள் என்று ஆயிரக்கணக்கான படங்களுக்கு விடாமல் குறித்து வைத்தவர் அவர்தான். 2004-ல் அது 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என்று புத்தகமாயிற்று. வக்கீல் தொழிலை விட்டுவிட்டு எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்ட ராண்டார் கை 2023-ல் இறந்தார். 'தி ஹிந்து'வில் பழைய படங்களைப் பற்றிப் பல வருஷம் பத்தி எழுதினார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும், அந்தப் படம் எதற்காக நினைவில் நிற்கிறது என்று ஒரு வரி. வம்பு உண்டு, ஆதாரம் காட்டாத கதைகள் உண்டு. இருந்தும், பார்க்க வழியில்லாத ஒரு படத்தைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் நாம் போய் நிற்பது இவர்கள் வாசலில். மக்கள் தொடர்பாளரும் துணுக்கெழுத்தாளரும் சாட்சியத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். விமர்சகர்கள் தீர்ப்புகளைக் காப்பாற்றினோம். எது உபயோகப்படுகிறது?

இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு, இன்று எல்லாம் பதிவாகிவிடுகிறதே என்பார்கள். மண்டபத்தில் பாதிப் பேர் கையைத் தூக்கி செல்ஃபோனில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தாம்பரத்துக்காரன் வீட்டிலேயே கேட்கலாம். உண்மை. ஆனால் இது ஒழித்துக் கட்டியிருப்பது தீர்ப்புச் சொல்கிறவனைத்தான். படம் இடைவேளைக்கு வருவதற்குள் ஆயிரம் பேர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். சுருதி விலகிற்றா இல்லையா என்று வாசகன் தானே போட்டுக் கேட்டுக்கொள்கிறான். வெறும் அதிகாரத்தின் மேல் நின்றவனுக்குக் கீழே தரை போய்விட்டது. சாட்சியின் வேலையோ இரண்டு மடங்காகியிருக்கிறது. ஒரு சீஸனில் பதிவாகும் நூற்றுக்கணக்கான கச்சேரிகளை யாரும் ஒரு ஜன்மத்தில் கேட்டு முடிக்க முடியாது. உட்கார்ந்து கேட்டவன் ஒருவன் வந்து, இந்தக் கச்சேரியில் இந்த இடத்தில் இது நடந்தது, போய்க் கேள் என்று சொல்லவேண்டும். மைக் வாங்கிக்கொள்ளாதது, கேமரா திரும்பாத பக்கம் நடந்தது, மண்டபம் ஒரு கணம் மூச்சு விடாமல் இருந்தது, இவற்றுக்கு இன்னும் மனிதன்தான் வேண்டும். அவன் பொய் சொன்னால் இப்போது பிடித்துவிடலாம் என்பது அவனுக்கும் நல்லது.

கடைசியாக நமக்கு, அதாவது இந்த மாதிரிப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும். தினசரியில் கலைப் பத்தி எழுதுகிறவனை நாம் விமர்சகன் என்று ஏற்றுக்கொள்வதில்லை. அவன் எழுதுவது ரிப்போர்ட். நாம் எழுதுவது பார்வை. சரி. நம் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். தமிழ் நாடகம், தமிழ் சினிமா, இசை மரபு பற்றியெல்லாம் எத்தனை நிலைப்பாடுகள், எத்தனை வாக்குவாதங்கள்! குறிப்பிட்ட ஒரு மாலையில், குறிப்பிட்ட ஒரு மேடையில், குறிப்பிட்ட ஒருவர் செய்ததைச் சொல்லும் பக்கங்கள் எத்தனை? மயிலாப்பூர் சபாவின் விமர்சகனாவது மயிலாப்பூர் வரை போனான். நாம் தாம்பரத்தை விட்டு அசையாமலே மரபின் வீழ்ச்சியை எழுதிவிடுகிறோம். சம்பளம் இருக்கிறது, யாருக்கும் பயப்படவேண்டியதில்லை, பாஸ் தேவையில்லை, நாளைக் காலைக்குள் கொடுத்தாகவேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. ஃப்ரீலான்ஸ்காரனுக்கு இல்லாத அத்தனை சுதந்திரமும் நமக்கு இருக்கிறது. அவனிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றே ஒன்று: அவன் போய் உட்கார்ந்தான். இதழுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும். ஒரு கச்சேரி, ஒரு கூத்து, ஒரு படம், கண்டபடி, கேட்டபடி. கொள்கை அதற்கடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.